சாமத்தியவீட்டுக்கு ஓர் ஆகாயக் கப்பல்

அத்தானுக்கு மானப் பிரச்சினை. ஜேர்மனியில், வுப்பர்டாலில் இருக்கும் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி, போன கோடையில் வயசுக்கு வந்த மகளைச் சாமத்தியவீட்டு மண்டபத்துக்கு ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். இப்போது அத்தானின் மகளுக்கு முறை. குதிரை வண்டி பழசு. ஹெலிகொப்டரில் போனால் அவனைப் பார்த்துச் செய்ததாகச் சனம் சொல்லும். "ஆகாயக் கப்பல்தான் மச்சான்!" என்றார்.

அதை விசாரிக்கத்தான் ஒரு சனிக்கிழமை அத்தான், அக்கா, மருமகள், தாய்மாமனாகப் பிறந்த குற்றத்துக்கு நான், நால்வரும் தெற்கே ஏரிக்கரையில் இருந்த, வாயு நிரப்பிய பெரும் பலூன் போல மிதக்கும் ஆகாயக் கப்பல்களின் பழைய கொட்டகைக்குப் போனோம். காரின் பின் சீட்டில் மருமகள் என் காதுக்குள் சொன்னாள்: "மாமா, எனக்கு இது ஒண்டும் வேண்டாம். அப்பாட்டச் சொல்லுங்கோ." அத்தானிடம் அதைச் சொல்ல வேறு மாமன்தான் பிறந்து வரவேண்டும்.

கொட்டகையா அது! வுப்பர்டாலின் தமிழ்க் கல்யாணங்கள் எல்லாவற்றையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தலாம். சுற்றிக்காட்டிய ஜேர்மன் அம்மா பழைய காலத்தை விவரித்தார். வானத்தில் வெள்ளை மேசை விரிப்பு, வைன், பியானோ. தலைக்கு மேல் ஹைட்ரஜனை நிரப்பிவைத்துக்கொண்டு, கீழே சுருட்டுப் பிடிக்கத் தனி அறையும் வைத்திருந்தார்களாம். அட கடவுளே, கொழுப்புத்தானே! கடைசியில் ஒரு கப்பல் எரிந்தது, அதோடு அந்தக் காலமும் முடிந்தது. அத்தானின் காதில் மேசை விரிப்பு மட்டும்தான் விழுந்தது.

"இப்ப ஆக்களை ஏத்திப் பறக்கிற கப்பலில எத்தினை பேர் ஏறலாம்?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். பன்னிரண்டு பேர் என்றார் அந்த அம்மா.

அத்தான் விரல் மடித்தார். "வீடியோவுக்கு மூண்டு பேர். போட்டோவுக்கு ரெண்டு. ட்ரோன்காரன். மேக்கப் அக்கா, அவவுக்கு ஒரு உதவி. குடை பிடிக்க ஒராள். நானும் உன்ர அக்காவும். மாமன் நீ. பாத்தியே, சரியாப் பன்னிரண்டு!"

"அப்பா," என்றாள் மருமகள், "என்னை எண்ணேல்லை."

அக்கா சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். அத்தான் மடித்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மேக்கப் உதவியை வெட்டலாம் என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன்.

"உனக்கு விருப்பமில்லையோ பிள்ளை?"

"இல்லை அப்பா. நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே."

 

திரும்பும் வழியில் அத்தான் ட்ரோன்காரனுக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்றார்.

"ஏன் அண்ணை, ஆரும் விலை குறைச்சுச் சொன்னவையோ?" போன் காருக்குள் சத்தமாகக் கத்தியது.

"இல்லை தம்பி," என்றார் அத்தான். "பிள்ளையைக் கேட்டனான்."