மழை வராத நாளில் பதினோரு வாளிகள்

குமுதா டீச்சர் காரின் பின்பக்கத்தைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னக் கடையே இருக்கும். வெள்ளைத்தாள் கட்டு, பசை, பென்சில், இரண்டு ஜோடிப் பிள்ளைச் சப்பாத்து, சளி துடைக்க டிஷ்யூ என்று எல்லாம் கிடக்கும். ஒரு நாள் பள்ளி வாசலிலேயே டயர் பஞ்சரானது. மெக்கானிக் வந்து மாற்று டயரைத் தேடினான். டயர் இருக்க வேண்டிய குழியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் செய்த களிமண் யானைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"டயர் எங்க டீச்சர்?"

"வீட்டுல இருக்கு லா. யானைக்கு எடம் வேணுமே."

டீச்சர் கோலாலம்பூர் செந்தூல்காரர். அப்பா ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே மேசை, முறை வைத்துத்தான் படித்தார்கள். இல்லாத இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் கெட்டிக்காரத்தனம் அங்கே வந்ததுதான். வாக்கப்பட்டது கிள்ளானில். வீட்டுக்காரர் விஜயன் ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். "ஊருல எல்லாரும் வேலை செஞ்சி சம்பளம் வாங்குறாங்க. என் பொண்டாட்டி சம்பளத்த குடுத்துட்டு வேலை செய்றா" என்று கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு, அவரே ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அட்டை வெட்டிக் கொடுப்பார். ஆண்பிள்ளை வீராப்பு அவ்வளவுதான்.

அந்தத் தமிழ்ப்பள்ளியில் நான் கூட்டிப் பெருக்குகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிற என் பேத்தி கேட்டாலும் சொல்ல மாட்டேன். கிள்ளானில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்பது போதும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்வி இலாகா கையைச் சுருக்கிக்கொண்டது. முதலில் தாள் வருவது நின்றது. பிறகு துப்புரவுக்கு இருந்த நாலு பேரில் மூன்று பேரை நிறுத்தினார்கள். மிச்சம் நான். அதற்கப்புறம் உஷாராணி டீச்சர் பிள்ளை பெறப் போனார். அவருக்குப் பதில் ஆள் அனுப்பவில்லை. குழந்தை மட்டும் கணக்காகப் பத்தாம் மாதம் வந்துவிட்டது, ஆள் வரவில்லை.

அவர் பார்த்த இரண்டாம் ஆண்டும் குமுதா டீச்சர் தலையில் விழுந்தது. ஒரே அறை, இருபத்தேழு பிள்ளைகள். முதலாம் ஆண்டு முன்பலகையைப் பார்த்து உட்காரும், இரண்டாம் ஆண்டு பின்பலகையைப் பார்த்து உட்காரும். நடுவில் டீச்சர் பம்பரம்.

அந்த அறையின் கூரை தகரம். பதினோரு இடத்தில் ஓட்டை. சீலிங் பலகை எப்போதோ விழுந்து, விறகாகப் போய்விட்டது. மேகம் கறுத்தால் டீச்சர் ஒரே ஒரு சொல்தான் சொல்வார், "மழை." உடனே பிள்ளைகள் மேசைகளை ஓட்டை இல்லாத பக்கம் இழுப்பார்கள். பதினோரு பேர் ஓடிப்போய் ஆளுக்கொரு வாளி எடுத்து வருவார்கள். எந்த வாளி எங்கே என்று தரையில் சாக்கட்டியில் வட்டம் போட்டிருக்கும். கிஷனுக்குக் காதறுந்த நீல வாளி. விஷ்ணுப்ரியாவுக்கு ஐஸ்கிரீம் டப்பா, ஏனென்றால் அவள் ஓட்டை ரொம்பச் சின்னது. அந்தப் பிள்ளைக்கு அது பெரிய மனக்குறை.

"டீச்சர், எனக்கு எப்ப பெரிய ஓட்ட குடுப்பீங்க?"

"ரெண்டாம் ஆண்டு போனதும் பார்க்கலாம்மா."

இப்படி இருக்கும்போது கடிதம் வந்தது. இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி புதன்கிழமை கூரையைப் பார்க்க வருகிறார். கையில் இருக்கும் பணம் கொஞ்சம், ஒழுகுகிற பள்ளிகள் நிறைய. அவர் பார்த்து எழுதினால் கூரை வரும். எழுதாவிட்டால் அந்த அறையை மூடி, பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள், டீச்சரையும் மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. இருபத்தேழு பிள்ளைகளில் பாதிப் பேர் நடந்து வருகிறவர்கள். அடுத்த பள்ளி, நடக்கிற தூரத்தில் இல்லை.

தலைமையாசிரியர் சபாபதி நல்ல மனிதர். ஆனால் விருந்தாளி என்று யாராவது வந்தால் போதும், பித்துப் பிடித்துவிடும். ஒரே வாரத்தில் சுவருக்குச் சாயம் அடித்தார். கோயிலிலிருந்து நாற்காலியும் மின்காற்றாடியும் வந்தன. வாசலில் வாழை மரம் கட்டினார்கள். கல்யாணப் பந்தல் போடுகிற பையன்களைக் கூப்பிட்டு, கூரையே தெரியாதபடி வெள்ளையும் ரோஸுமாகப் பளபளவென்று துணி கட்டவைத்தார். அறைக்குள் நுழைந்தால் மணமேடை எங்கே என்றுதான் தேடத் தோன்றும்.

டீச்சர் அண்ணாந்து பார்த்தார்.

"சார், கூரைய பார்க்க வர்றாங்க. கூரையவே மூடிட்டீங்களே?"

"ஒழுகுற எடத்துல ஒரு பெரிய மனுஷன உட்கார வைக்கச் சொல்றீங்களா?"

"இருபத்தேழு சின்ன மனுஷங்க தெனமும் உட்கார்றாங்களே சார்."

"மானம்னு ஒண்ணு இருக்கு டீச்சர்."

"இருக்கு சார். அதுக்கும் ஒரு வாளி வைக்கணும் போல."

நான் தலைமையாசிரியர் பக்கம். "என்னா டீச்சர் பேசுறீங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா கிழிஞ்ச பாயவா விரிப்போம்?" என்றேன்.

"இவங்க பாய் குடுக்க வர்றவங்க பாட்டி. கிழிசலத்தான் காட்டணும்."

நான் கேட்கவில்லை. வாளிகளைக் கழுவி, கழிப்பறைக்குப் பின்னால் அடுக்கி, பழைய சாக்கால் மூடினேன். தரையில் இருந்த வட்டங்களைத் தேய்த்து அழித்தேன். பெருமையாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

புதன்கிழமை அதிகாரி வந்தார். மலாய்க்காரர், அமைதியான ஆள். மேளம், மாலை, பன்னீர், சந்தனம் எல்லாம் ஆனது. அறைக்குள் கூட்டிவந்து நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வடையும் பாயாசமும் கொடுத்தோம். அவர் மேலே பார்த்தார், பக்கத்தில் பார்த்தார். "சந்தேக்," என்றார். அழகாம். கூரை எப்படி என்று கேட்டார். தலைமையாசிரியர் துணியைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், சிரித்தார். இவ்வளவு செய்துவிட்டு ஒழுகுகிறது என்று எந்த வாயால் சொல்வது? சொல்ல வேண்டிய வாயில் வடை வேறு இருந்தது.

அதிகாரி தலையாட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். "ஓக்கே லா. பாகூஸ்." நன்றாக இருக்கிறதாம். எழுத ஆரம்பித்துவிட்டார்.

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். சாக்கைப் போட்டு மூடிய கை இதுதானே.

வெளியே உச்சி வெயில், ஒரு மேகம் இல்லை. குமுதா டீச்சர் சுவரோரமாக நின்றபடி, சத்தம் போடாமல் சொன்னார்.

"மழை."

கும்மி ஆடப் பட்டுப்பாவாடையும் வேட்டியும் கட்டி நின்ற பிள்ளைகள் அப்படியே கலைந்தார்கள். மேசைகள் இழுபட்டன. பதினோரு பேர் வெளியே ஓடினார்கள். எங்கே ஒளித்தாலும் பிள்ளைகளுக்குத் தெரியாதா? ஒரு நிமிஷத்தில் சாக்கும் வாளியுமாகத் திரும்பி வந்தார்கள். வட்டம் அழிந்திருந்தது. இருந்தும் ஒரு வாளி இடம் மாறவில்லை. கிஷன் மட்டும் நீல வாளியோடு அதிகாரிக்கு முன்னால் நின்றான். அவன் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"என்சே, தெப்பி சிக்கிட்," என்றான். கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொன்னான், பஸ்ஸில் சொல்வது போல.

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி எழுந்து, நாற்காலியைத் தானே தள்ளிப் போட்டார். மழை எங்கே என்று மலாயில் கேட்டார். விஷ்ணுப்ரியா தன் டப்பாவைச் சரிபார்த்துவிட்டு, சாயங்காலம் வரும் என்று பதில் சொன்னாள்.

அவர் மேலே பார்த்தார். இந்தத் தடவை துணியைப் பார்க்கவில்லை, துணிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தார். ஒட்டடைக் கம்பு மூலையில் இருந்தது. யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே எடுத்து, துணியில் மாட்டி ஓர் இழுப்பு இழுத்தேன். பாதிக் கல்யாணம் தலைமையாசிரியர் தோளில் விழுந்தது, மீதி சுவரோரமாகச் சரிந்தது. வெயில் பதினோரு இடத்தில் உள்ளே இறங்கி, வாளிகளுக்குள் நின்றது.

அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். நிறைய எழுதினார். போகும்போது டீச்சரிடம் சொன்னார், எல்லா இடத்திலும் பணத்தை வெட்டிவிட்டார்கள், இதைவிட மோசமான பள்ளிகளையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன், முழுசாக வரும் என்று நினைக்காதீர்கள் என்று.

முழுசாக வரவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பாதிக் கூரைக்குத் தகரம் வந்தது. ஆறு ஓட்டை அடைபட்டது, ஐந்து அப்படியே இருக்கிறது. அறையை மூடவில்லை. டீச்சரும் பம்பரமாகவே இருக்கிறார்.

விருந்தாளியை அவமதித்ததற்கு விளக்கம் கேட்டு டீச்சருக்குத் தலைமையாசிரியர் ஒரு கடிதம் கொடுத்தார். டீச்சர் அதை அவர் குரலிலேயே எனக்குப் படித்துக் காட்டினார். தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், அதில் ஒரு பிள்ளை பசுமாடு வரைந்தது. போன வாரம் வேறு யாரோ பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்தபோது, அதே தலைமையாசிரியர் என்னிடம் வந்து, எங்கோ பார்த்தபடி, "பாட்டி, அந்த வாளிங்கள முன்னாடி எடுத்து வைங்க," என்றார்.

"கழுவவா சார்?"

"வேணாம் வேணாம், அப்படியே இருக்கட்டும்."

விஷ்ணுப்ரியாவுக்குத்தான் பெரிய துக்கம். ஆறு ஓட்டைகளில் முதலில் அடைத்தது அவளுடையதை. ஐஸ்கிரீம் டப்பாவைக் கட்டிக்கொண்டு அப்படி ஓர் அழுகை. கடைசியில் டீச்சர், இரண்டாம் ஆண்டு வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று, கிஷனிடம் பேசி அவளை நீல வாளிக்குத் துணையாகப் போட்டிருக்கிறார். காதறுந்த வாளி, நிறைந்தால் தனியாகத் தூக்கவும் முடியாது.