கிளிப்பச்சைத் தூண்

காஞ்சிபுரத்தில் பழைய வீடுகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் எனக்கு அறிவும் கூடவே வந்துவிடும். நெசவுக்காரத் தெருவில் ஒரு வீட்டுக்காரம்மாள், வரி கட்ட முடியாமல் வீட்டை விற்கலாமா என்றிருந்தார். ஒல்லி உடம்பு, பெரிய மூக்குக்கண்ணாடி. பேசும்போதெல்லாம் கூடத்து மரத்தூணை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"பாரம்பரியப் பட்டியல்ல ஏறிட்டா வரி கொறையும்மா, விக்க வேணாம். அடுத்த வாரம் படம் எடுக்க வரேன். எதையும் இடிச்சிடாதீங்க" என்றேன், பெரிய நிபுணன் மாதிரி.

அடுத்த வாரம் போனால் தூண், கதவு, உத்தரம் எல்லாம் கிளிப்பச்சை.

"என்னம்மா இது?"

"இடிக்காதன்ன, இடிச்சேனா? பொண்ணு பாக்க வராங்கன்னா அழுக்குப் பொடவையோடவாப்பா நிக்க வெப்பாங்க?"

பழசாகத் தெரிந்தால்தான் பட்டியலில் ஏறும் என்று மென்று விழுங்கிச் சொன்னேன்.

"அப்போ வித்துட வேண்டியதுதானா?"

அடுக்களையிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்துவந்து தூணைச் சுரண்டத் தொடங்கினார். உள்ளங்கை அகலத்துக்கு மரம் தெரிந்ததும் முந்தானையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்ளோ பழசு போதுமாப்பா?"

அந்த உள்ளங்கை அகலத்தைத்தான் படமெடுத்து அனுப்பினேன். மேலே என்ன முடிவு செய்வார்களோ தெரியாது. படத்தின் ஓரத்தில் அவருடைய முந்தானையும் விழுந்திருந்தது. நல்லவேளை, அதுவும் பழசுதான்.