கடல் ஏன் வெடிக்கவில்லை

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து இரண்டு வருடம் கழிந்திருந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மறுபடியும் சண்டை. ஷெல் விழும் சத்தம் வாவியைத் தாண்டி வந்து, நகரிலிருந்த எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் ஜன்னல் கண்ணாடிகளை அதிரவைக்கும். நான் மாணவர் பக்கத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். உயர்தரம் படிப்பவர்களில் பலரிடம் புத்தகம் இல்லை. சிலருடையதைக் கடல் கொண்டுபோயிருந்தது. சிலர் இடம்பெயர்ந்தபோது விட்டுவந்திருந்தார்கள். ஆகவே பாடத்தையே அச்சிட்டோம்.

ஒரு வாரம் ஆவர்த்தன அட்டவணையின் முதலாம் கூட்டத்து மூலகங்கள். சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் உருகி உருண்டையாகி ஓடும். பெரிய துண்டென்றால் வெடிக்கும். பொற்றாசியம் அதைவிட மோசம். அதனால்தான் இவற்றை எண்ணெய்க்குள் வைக்கிறார்கள். ஏன் இப்படி என்பது அடுத்த வாரம் என்று முடித்திருந்தேன்.

அதற்குள் தொலைபேசி வந்தது. பெயர் சொல்லாத ஆண் குரல். எந்தத் தரப்பு என்று கேட்கும் வழக்கம் அந்த நாட்களில் இல்லை.

“பிள்ளையளுக்கு வெடி செய்யப் பழக்கிறீங்களோ?”

“இது சோதினைக்குரிய பாடம்.”

“மிச்சத்தைப் போடாதீங்க.”

பத்திரிகை ஆசிரியர் மிச்சத்தை எடுத்துவிட்டு டெங்கு பற்றிய கட்டுரையைப் போட்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள். நான் வாதாடவில்லை.

பத்திரிகை வெளிவந்த அன்று செட்டிபாளையத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். இரசாயனவியலில் இரண்டு தரம் விழுந்தவள். மூன்றாம் தரத்துக்குப் பிறகு எழுத விடமாட்டார்கள். அவளுடைய பாடசாலை ஆய்வுகூடத்தில் கடல் சுவர்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. சோடியத்தை அவள் கண்ணால் கண்டதே இல்லை.

“டெங்கு நுளம்பு சோதினைக்கு வருமா அக்கா?”

தொலைபேசி வந்த கதையைச் சொன்னேன்.

“கடல் தண்ணியில சோடியம் இரிக்கு எண்டு எங்கட சேர் சொன்னவர். தண்ணியில பட்டா வெடிக்கும் எண்டு நீங்க எழுதினீங்க. அப்ப எங்கட ஊட்டுக்குள்ள வந்த கடல் ஏன் வெடிக்கல்ல?”

அவள் பகிடி பண்ணவில்லை. அவள் கேட்டதற்கான பதில் நாங்கள் எடுத்துவிட்ட பாதியில் இருந்தது.

“ஆரோ ஒருத்தன் போன் எடுத்தான் எண்டு நான் பெயிலாகோணுமா?”

அன்றே புதிதாக எழுதினேன். கல்முனைக்கு ஆளேற்றிப் போகும் வான் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கினேன். ஆசனங்கள் நிறைந்து, ஒருவர் மட்டும் மிதிபலகையில் தொங்குகிறார். ஒரு குலுக்கல் போதும், அவர் கீழே. சோடியத்தின் பதினொரு இலத்திரன்களில் கடைசி ஒன்று அப்படித்தான் வெளி ஓட்டில் தனியே நிற்கிறது. பொற்றாசியத்தில் அது கருவிலிருந்து இன்னும் தூரம். பிடி இன்னும் தளர்வு. ஏழாம் கூட்டத்துக் குளோரீன் ஓர் ஆள் குறைந்த வான். கொண்டக்டர் தெருவில் நிற்பவரின் பையைப் பிடித்து இழுப்பார். நிறைந்த வான் நியோன், கைகாட்டினாலும் நிற்காது. கடலிலுள்ள சோடியம் தன் ஒற்றை இலத்திரனை எப்போதோ கொடுத்துவிட்டது. அப்படியொன்றைக் குளோரீனும் எடுத்துக்கொண்டுவிட்டது. கொடுக்கவோ பறிக்கவோ மிச்சமில்லை. வீட்டுக்குள் வந்தது உப்பு.

ஆசிரியர் இரண்டு தரம் வாசித்தார்.

“சோடியத்தை எடுத்துப்போட்டு வான் கதைய மட்டும் போடுவமா?”

“எடுத்தா அது போக்குவரத்துச் செய்தி, சேர்.”

“போன் வந்தா?”

“என்னட்டத் தாங்க.”

ஒரு சொல்லும் குறையாமல் வந்தது. மறுநாள் தொலைபேசியும் வந்தது.

“சொன்னது விளங்கல்லியா?”

“விளங்கினது. நாங்க எழுதினது உங்களுக்கு விளங்கினதா?”

அவன் போனை வைத்துவிட்டான். நான் அடுத்த வாரத்துக்கான ஏழாம் கூட்டத்தை எழுதத் தொடங்கினேன். போர் முடிந்த வருடத்திலும் மாணவர் பக்கம் வந்துகொண்டிருந்தது. இடையில் ஒருமுறை இரவில் யாரோ கண்ணாடியை உடைத்தார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் பலகை அடித்தோம்.

அவள் மூன்றாவது தடவை எழுதிய சோதினையின் பெறுபேறு வந்ததும் அலுவலகத்துக்கு வந்தாள். இரசாயனவியலில் எஸ், பாஸில் ஆகக் குறைந்த தரம். பல்கலைக்கழகத்துக்கு அது போதாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“எஸ்தான். ஆனா விழல்ல,” என்றாள். படியிறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். “அந்தப் போன்காரன் இன்னொருக்கா எடுத்தா சொல்லுங்க அக்கா, நான் பாஸ் எண்டு.”