கருப்புக் கட்டத்துக்குள் ஒரு சேவல்

பக்கத்து மில்லில் மிளகு அரைத்தால் எங்கள் கடையில் எல்லாருக்கும் தும்மல். மாத்தளைக்குப் பக்கத்தில் உக்குவளையில் நான் முதன்முதலாக வேலைக்குப் போன எம்ப்ராய்டரி கடையை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு மூக்குதான் முதலில் அரிக்கும்...

கொரோனாவுக்கு முந்திய வருஷம். கடை ரிஸ்வான் நானாவுடையது; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மாதம் பார்ப்பார், சரிவந்தால் வைத்துக்கொள்வார். இல்லையென்றால் நான் திரும்பத் தேயிலைத் தோட்டத்துக்கு. "எம்புள்ளைக்கு கம்ப்யூட்டர் வேல" என்று லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்த அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது?

படத்தைத் தையலாக்கித் தரும் கடைக் கம்ப்யூட்டர் ஒரு பழைய பிடிவாதக்காரன். பிஎம்பி என்ற பழைய வகைப் படத்தைத் தவிர வேறு எதையும் தொடாது. சனம் கொண்டுவருவதோ நெட்டிலிருந்து இறக்கிய வெப்பி என்ற புது வகைப் படம்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது மாலா வந்தாள். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெண்களின் எல்லே டீம் கேப்டன்; எல்லே என்றால் கம்பால் பந்தை அடித்துவிட்டு ஓடும் விளையாட்டு. கையில் பன்னிரண்டு மஞ்சள் ஷர்ட், போனில் ஒரு சேவல். ஞாயிற்றுக்கிழமை மேட்ச்.

"அக்கா, சேவல் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கணும், பாத்துக்குங்க."

நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். படத்தின் பெயர் வாலில் இருந்த வெப்பியை அழித்துவிட்டு பிஎம்பி என்று எழுதினேன். பெரிய மூளை! வாலை மாற்றினால் பூனை நாயாகிவிடுமா? கம்ப்யூட்டர் ஏமாறவில்லை.

பிறகு நெட்டில் தேடி ஒழுங்காக மாற்றினேன். சேவலுக்குப் பின்னால் கருப்பாகத் தெரிந்தது. போனிலும் அப்படித்தான் தெரிந்தது, ஸ்கிரீனின் நிறமாக்கும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் அந்தப் படத்துக்குப் பின்னணியே கிடையாது. மாற்றும்போது அந்த வெற்றிடம் முழுக்கக் கருப்பு அப்பிக்கொண்டது என்பதெல்லாம் பிறகுதான் விளங்கியது.

எந்த டிசைனையும் முதலில் கழிவுத் துணியில் தைத்துப் பார்க்க வேண்டும். அது நானாவின் சட்டம். நான் அவசரத்தில் நேரே ஷர்ட்டையே மாட்டினேன்.

மெஷின் டகடகவென்று ஓடியது. டீ ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தால்... ஐயோ! மஞ்சள் ஷர்ட்டின் நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்புக் கட்டம். அதன் நடுவில் சேவல்.

நானா எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள இது... சேவலக் கூட்டுல போட்டு பூட்டீக்கிறீங்க?"

அவ்வளவுதான், வேலை போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதே மஞ்சளில் வேறு ஷர்ட் கிடையாது. நானா போன் போட, பின்னேரம் மாலா வந்தாள். ஷர்ட்டைத் தூக்கி நெஞ்சில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள்.

"இத நானே போட்டுக்கிறேன். கேப்டன்னா தனியா தெரிய வேணாமா? மத்ததுல மட்டும் சேவல வெளிய விடுங்கக்கா."

நானா சிரித்துவிட்டார். "கண்ணத் தொடச்சிட்டு மத்ததத் தைங்க புள்ள. அடுத்த மாசமும் வாங்க. ஆனா துணியில பாக்காம ஷர்ட்ல மட்டும் கை வெச்சிராதீங்க."

இப்போது மாத்தளை டவுனில் எனக்கென்று சொந்தமாக ஒரு மெஷின். எந்த வாலோடு படம் வந்தாலும் பேசாமல் விழுங்கிவிடும். வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடும். சுகம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பழைய பிடிவாதக்காரன் ஒரு படத்தை ஏற்றுக்கொண்டால் கைதட்டத் தோன்றும் பாருங்கள்... அது இல்லை.

போன வாரம் அதே டீமின் புதுக் கேப்டன் வந்தாள். சின்னப் பெண். அதே மஞ்சளில் பன்னிரண்டு ஷர்ட், அதே சேவல்.

"கேப்டன் ஷர்ட்டுக்கு மட்டும் கருப்புக் கட்டம் வேணும்க்கா. எங்க டீம்ல அதான் வழக்கம்."

அந்த வழக்கம் எங்கே பிறந்தது என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. புது மெஷின் தானாக அதைப் போடுமா என்ன? நானே மௌஸைப் பிடித்துக் கட்டம் வரைந்து கருப்பை நிரப்பினேன். முதலில் கழிவுத் துணியில்தான் தைத்தேன்.

அதைப் போட்டோ எடுத்து நானாவுக்கு அனுப்பினேன். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"இன்னமும் அந்தச் சேவலத் தொறந்து விடல்லயா புள்ள?"