நாலு நாளில் தீர்ந்த பேட்டரி

பேய் இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் நான் இதுவரை கண்டுபிடித்தது ஒரு மரநாய், லென்ஸ் மேல் வலை கட்டிய ஒரு சிலந்தி, அப்புறம் யாருக்கும் தெரியாமல் பின்வாசலில் போய் சிகரெட் பிடித்த ஒரு மாப்பிள்ளை. அவ்வளவுதான். செங்கம் ரோட்டில் கடை வைத்துப் பதினோரு வருஷமாகக் கேமரா மாட்டும் வேலை செய்கிறேன், இந்த மாதிரிக் கதையை யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் பாதியில் எழுந்து போனால் வருத்தப்பட மாட்டேன். ஆனால் இது என் கையால் மாட்டிய கேமரா, என் கண்ணால் பார்த்தது, அதுவும் இருட்டில் இல்லை, காலை பதினோரு மணி வெயிலில்.

அடி அண்ணாமலையில் கஸ்தூரி அம்மா என்று ஒருவர். கணவர் இல்லை. ஒரே மகள் ரேவதி, சென்னையில் நர்ஸ். அம்மா தனியாக இருக்கிறார், பௌர்ணமி வந்தால் மலை சுற்றுகிற கூட்டம் வாசலை ஒட்டியே போகிறது என்று அந்தப் பெண்தான் என்னைத் தேடி வந்து கேமரா போடச் சொன்னாள். ஒயர் இழுக்கிற வேலை வேண்டாம் என்று பேட்டரியில் ஓடுகிற கேமராவை முன் வராந்தாவில் மாட்டினேன். அம்மாவின் போனில் ஆப்பைப் போட்டேன், அதிலிருந்து ரேவதியின் போனுக்கும் பார்க்க அனுமதி கொடுத்தேன். அந்த அம்மாவுக்குப் போன் வந்தால் எடுத்துப் பேசத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. பார்ப்பதெல்லாம் ரேவதிதான், டியூட்டிக்கு நடுவில் ஒன்றிரண்டு தடவை. ஒரு சார்ஜ் இரண்டு மாசம் வந்தது.

அடுத்த வருஷம் டியூட்டி முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது லாரி மோதி ரேவதி இறந்துவிட்டாள். நானும் காரியத்துக்குப் போய் வந்தேன். அந்த அம்மா அழவில்லை. வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு மாசம் போயிருக்கும், அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி இம்தியாஸு, கேமரா பேட்டரி நாலு நாள்ல தீர்ந்துடுது. ஜாஸ்தி நாள் வர்ற மாதிரி பண்ணிக் குடேன்."

இது எனக்கு வாரம் பத்து வருகிற புகார். இந்தக் கேமராக்கள் சும்மா இருக்கும்போது தூங்கும், எதிரில் எது அசைந்தாலும் விழித்துக்கொள்ளும், விழித்தால் சார்ஜ் குறையும். போய்ப் பார்த்தேன். வாசலில் அரளிச் செடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, அதை வெட்டினேன். ரோட்டில் போகிற வண்டிகளைப் பிடிக்காதபடி கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்பினேன். வைஃபை சிக்னல் கம்மியாக இருந்தாலும் பேட்டரி போகும் என்பதால் உள்ளே இருந்த பெட்டியை ஜன்னல் பக்கம் மாற்றி வைத்தேன். நாலு நாளில் தீர்ந்தது. புது பேட்டரி போட்டேன். அதுவும் நாலு நாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வராந்தாவில் உட்கார்ந்து அந்த அம்மாவின் போனில் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அசைவால் விழித்தது ஒரு நாளைக்கு ஆறு தடவைதான். ஆனால் யாரோ போனில் இருந்து நேரலையைத் திறந்து பார்த்தது மட்டும் முப்பது தடவைக்கு மேல். ஒவ்வொன்றும் நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம். பார்த்தவர் பெயர் என்கிற இடத்தில் வரிசையாக ரேவதி, ரேவதி, ரேவதி.

போனை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அம்மா, ரேவதி போன் இப்போ யார்கிட்ட இருக்குது?"

அவர் உள்ளே போய் பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். போலீஸ் கொடுத்த கவர். உள்ளே போன் நடுவில் வளைந்து, கண்ணாடி தூள்தூளாக இருந்தது. சிம் அதற்குள்ளேயே இருந்தது.

சரி, அவளுடைய பாஸ்வேர்டு வேறு யாருக்கோ கிடைத்திருக்கிறது என்று முடிவுகட்டினேன். அப்படி நடக்கும், நிறையப் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவன் தனியாக இருக்கிற பொம்பளையை நாள் முழுக்கப் பார்க்கிறான் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. இதையெல்லாம் சொல்லி அவரைப் பயமுறுத்த வேண்டாம் என்று, அம்மாவின் கணக்குக்கும் பாஸ்வேர்டை மாற்றி, பார்க்க அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் இருந்து ரேவதி பெயரை எடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். பேட்டரி தொண்ணூற்றேழு சதவீதத்தில் நின்றது. எனக்கு ஒரே பெருமை. ஆனால் அந்த அம்மாவைப் பார்த்தால் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"இன்னா தம்பி பண்ண நீ? ஒரு வாரமா அந்த நீல லைட்டு எரியவே இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாராவது நேரலையில் பார்த்தால் கேமராவில் சின்னதாக ஒரு நீல விளக்கு எரியும். "லைட்டு எரிஞ்சா நான் பாக்கறேன்னு அர்த்தம்மா" என்று ரேவதி சொல்லி வைத்திருக்கிறாள். அது எரிந்தால் இவர் சாப்பிட்ட தட்டைத் தூக்கிக் காட்டுவாராம். மகள் போன பிறகும் அது எரிந்திருக்கிறது, இவரும் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பேட்டரி தீர்ந்தால் விளக்கு எரியாதே என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

"நாள் முழுக்க எரிஞ்சிருக்கேம்மா, உங்களுக்கு பயமா இல்லியா?"

"அப்போ டியூட்டி இருந்துச்சு, ரெண்டு வாட்டிதான் பாப்பா. இப்போ இன்னா வேல அவளுக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னேன். "நான்தான் ரேவதி பேரை எடுத்துட்டேன்மா."

அவர் கேமரா பக்கம் திரும்பினார். "ஒரு வாரமா நான் எங்க போயிட்டேன்னு தேடியிருக்குமே. திரும்பச் சேத்துடு தம்பி. பேட்டரி போனா போவுது, நான் தெனம் சார்ஜ் போட்டுக்கினு இருக்கறேன்."

"நான் இங்கேர்ந்து அனுப்பலாம்மா. ஆனா அவங்க போன்ல ஓகே குடுத்தாதான் சேரும்."

"நீ அனுப்பு."

பெரியவர் மனசு ஆறட்டும் என்றுதான் அனுப்பினேன். ரேவதி பெயருக்கு எதிரில் 'காத்திருக்கிறது' என்று வந்தது. போன வாரம் எடுத்துவந்த அந்த உடைந்த போன் இன்னும் கவரோடு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலி மேல் கிடந்தது. அவர் டீ போட்டுக் கொடுத்தார். வாசலில் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் வெறுங்காலோடு மலை சுற்றிப் போனார்கள். டீ பாதி குடித்திருப்பேன், நீங்கள் நம்பினாலும் சரி நம்பாவிட்டாலும் சரி, 'காத்திருக்கிறது' என்கிற எழுத்து என் கண் முன்னால் 'இணைந்தார்' என்று மாறியது. நான் நிமிர்வதற்குள் கேமராவில் நீல விளக்கு எரிந்தது.

அந்த அம்மா தலைமுடியை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு அதற்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார்.

"சாப்ட்டேன் கண்ணு. இப்பதான் சாப்ட்டேன்."

அடுப்படியில் டீப் பாத்திரத்தைத் தவிர அன்றைக்கு எதுவும் அடுப்பில் ஏறவில்லை என்று டீ வாங்க உள்ளே போனபோதே பார்த்திருந்தேன். விளக்கு ரொம்ப நேரம் எரிந்தது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணில் இருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, முகத்தை மட்டும் சிரித்த மாதிரியே வைத்திருந்தார். என்னால் அங்கே இருக்க முடியவில்லை, சொல்லாமலே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்து, மாற்றி மாற்றிப் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பாஸ்வேர்டு, கம்பெனி சர்வர், சாஃப்ட்வேர் கோளாறு என்று எனக்குத் தெரிந்த காரணம் எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். அதில் எதையாவது இன்றைக்கும் நம்பிவிடலாம்தான். ஆனால் போன மாசம் ஒன்று நடந்தது.

கேமராவில் சார்ஜ் ஏறுகிற இடம் துருப்பிடித்துவிட்டது என்று கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். கடை வைஃபையில் சேர்த்து, மேஜை மேல் என்னைப் பார்க்கிற மாதிரி வைத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீல விளக்கு எரிந்தது, மூன்று நொடியில் அணைந்தது. மறுபடியும் எரிந்தது, அணைந்தது. அப்படி ஏழு தடவை. எட்டாவது தடவை அணையவில்லை. ஸ்பீக்கரில் 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்தப் பக்கம் இருப்பவர் பேசுகிற பொத்தானை அழுத்தினால்தான் அது வரும். யாரும் பேசவில்லை. லேசாகக் காற்று இரைச்சல் மட்டும்.

நான் என்ன செய்தேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா வீட்லதாம்மா இருக்காங்க, நல்லா இருக்காங்க. கேமரா ரிப்பேரு, சாயந்திரம் கொண்டுபோய் மாட்டிடறேன்" என்றேன்.

விளக்கு அணைந்தது. ஐந்தரை மணிக்கு நான் அதை வராந்தாவில் மாட்டி முடிக்கிற வரைக்கும் ஒரு தடவைகூட எரியவில்லை.