அண்ணாச்சியின் ஹார்ட்டு

ஈஸிசேரில் உட்காரும் முன் சங்கரபாண்டி அண்ணாச்சி இடது கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். "முருகா!" என்றபடி அங்குலம் அங்குலமாக இறங்குவார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் எழுந்து, ஆள் வந்ததும் மறுபடி இறங்குவார். பிறகு குரல் கிணற்றடி வரை போகும்: "ஏட்டி ஆவுடை, வெந்நி கொண்டா! நமக்கு ஹார்ட்டுல்லா!"

தென்காசி ரத வீதியில் அவருக்குப் பாத்திரக்கடை. கடையில் பெரிய அண்டாவை ஒற்றைக் கையால் புரட்டி, தட்டி ஓசை காட்டி விற்பவர், வீட்டில் செம்பைத் தூக்க மாட்டார். வியாதி வந்தது ஒரு மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டில். தேங்காய்ப்பாலில் வைத்த சொதியை ஒரு பிடி பிடித்தவர், அது செரிப்பதற்கென்றே வைத்த இஞ்சிப் பச்சடியை மட்டும் ஒதுக்கிவிட்டார். சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பார்த்த டாக்டர், "எதுக்கும் ஹார்ட்டைக் கொஞ்சம் கவனிச்சுக்கிடுங்க" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தார். ராவ் பகதூர் பட்டம் கிடைத்த மாதிரி அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் அண்ணாச்சி. கல்யாண வீட்டில் முதல் பந்தி, பஸ்ஸில் முன் சீட்டு எல்லாம் ஹார்ட்டுதான் வாங்கிக் கொடுத்தது.

அவர் மனைவி ஆவுடைத்தாய்க்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. நாலு வாளி இறைத்தால் தாடை கடுக்கும், தோள்களுக்கு நடுவே அம்மிக்கல்லை ஏற்றி வைத்தது போலிருக்கும், குமட்டும், முகமெல்லாம் வேர்க்கும். துவைகல்லில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடி கயிற்றைப் பிடிப்பாள்.

"முதுகு பிளக்கு, பாத்துக்கிடுங்க" என்பாள்.

அண்ணாச்சி சாய்ந்தபடியே வைத்தியம் சொல்லுவார். "நெஞ்சா வலிக்கு? இல்லைல்லா? அப்ப வாயுதான். நான் சொல்லுதேன் கேளு, வெந்நில பெருங்காயத்தைக் கரைச்சுக் குடி. பொம்பளைக்கு எங்கனட்டி ஹார்ட்டு வரும்?" மாடக்குழியில் இருக்கும் பெருங்காய டப்பாவைக் கையை நீட்டிக் காட்டுவார். எழுந்துபோய் எடுத்துக் கொடுக்க மாட்டார். அவளும் நம்பிக் குடித்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும்.

போன ஆடியில் சாரல் நன்றாக விழுந்தது. "அருவித் தண்ணி முதுகுல அடிச்சா வாயு பறந்துரும்" என்று குதிரை வண்டி பிடித்து அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். இந்தப் பக்கத்தில் முதுகுவலிக்கு எல்லாரும் செய்கிற வைத்தியம்தான். ஹார்ட்டுக்காரர் அருவியில் நிற்கலாமா? அவர் கீழே பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்துகொண்டார். மேலே, பெண்கள் குளிக்கிற பக்கத்தில், தண்ணீர் முதுகில் இறங்கியதும் ஆவுடைத்தாய் முழங்கால் மடங்கி விழுந்தாள்.

நல்லவேளை, பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தது டாக்டர் சுகிர்தம். பாளையங்கோட்டையிலிருந்து சீசனுக்கு வந்தவர். அவர்தான் இழுத்துப் போட்டு, நாடி பிடித்து, கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு, ஈரச் சேலையோடு அண்ணாச்சியிடம் வந்தார்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"அது வாயு, டாக்டரம்மா. ஹார்ட்டு எனக்குத்தான்."

"ஹார்ட்டு அவங்களுக்கு. ஆம்பளைங்களுக்கு மாதிரி பொம்பளைங்களுக்கு எப்பவும் நெஞ்சைத்தான் பிடிக்கும்னு இல்லை. முதுகு வலிக்கும், தாடை கடுக்கும், குமட்டும், களைச்சு விழுவாங்க. நீங்க வாயுன்னு சொல்லிருவீங்க. இன்னும் கொஞ்ச நேரம் அருவியில நின்னிருந்தா, இந்த அம்மாவைத் தூக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கணும்."

அண்ணாச்சிக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பொறாமையும் வந்தது.

பாளையங்கோட்டையில் மெஷின் வைத்துப் பார்த்தார்கள். சுகிர்தம் சொன்னதுதான் சரி. நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்து, கிணற்றடிக்கே போகக்கூடாது என்று அனுப்பினார்கள். இப்போது ஈஸிசேர் ஆவுடைத்தாய்க்கு. தண்ணீர் இறைப்பது அண்ணாச்சி. ஆனாலும் மனுஷர் பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. "என்கிட்டயிருந்துதான் அவளுக்கு ஒட்டிக்கிடுச்சு" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒருநாள் இரண்டு வாளிதான் இறைத்திருப்பார். கயிற்றைப் போட்டுவிட்டு, இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஈஸிசேர் பக்கம் வந்து நின்றார்.

"ஏட்டி, நெஞ்சு என்னமோ செய்யுது."

ஆவுடைத்தாய் கண்ணைத் திறந்து அவரை ஒருமுறை பார்த்தாள். சாய்ந்தபடியே கையை நீட்டி, மாடக்குழியில் இருந்த பெருங்காய டப்பாவைக் காட்டினாள்.