பழைய போர்டில் புதுக் குடித்தனம்

தள்ளிய டப்பா

டப்பாவை மறுபடியும் என் பக்கமே தள்ளினார் ஹனீபா பாய். இரண்டாமிடத்துக் கம்பெனியின் சரக்கை விற்கும் சகாக்களுக்கு இந்த ஓசை தெரியும். பற்பசையானாலும் கம்ப்யூட்டர் சிப்பானாலும், கண்ணாடி மேஜையில் அட்டை உரசித் திரும்பி வரும் ஓசை ஒன்றுதான்.

சிங்காரத்தோப்பில் பாயின் கம்ப்யூட்டர் கடை வைப்பதைத்தான் மற்ற கடைகள் வைக்கும். அவர் அலமாரி முழுக்கப் பெரிய கம்பெனியின் சிப். பொங்கலுக்குள் அதில் இடம் பிடிக்காவிட்டால் எங்கள் கம்பெனி திருச்சிக் கிளையை மதுரையோடு சேர்த்துவிடும்; நானும் மதுரைக்குப் போக வேண்டும். மனைவிக்கு உறையூர்ப் பள்ளியில் அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. அதைச் சொல்லாமல் வேகம், சூடு, விலை என்று பேசினேன். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"பொருள் நல்ல பொருள்தான் தம்பி. கேட்டு ஒரு ஆள் வரணும்ல?"

வந்த ஆள்

ஆள் வந்தார், ஆனால் அதைக் கேட்டு வரவில்லை. ஸ்ரீரங்கத்து வரதன் கல்யாண வீடியோ எடிட் செய்பவர். ஸ்கூட்டரில் காலிடுக்கில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வந்திருந்தார். வேலை நகரவே இல்லையாம்; பெண் வீட்டார் வாசலில் நிற்கிறார்களாம். புது சிப் போட்டால் அது உட்காரும் மதர்போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார் பாய்.

திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது எங்கள் பழைய சிப். எனக்கு உயிர் வந்தது. பெரிய கம்பெனிக்காரர்கள் புது சிப் விட்டால் பெரும்பாலும் போர்டையும் மாற்ற வைப்பார்கள். நாங்கள் புது சிப்பைப் பழைய போர்டிலேயே உட்கார வைப்போம். அவர்களை எதிர்க்க எங்களிடம் இருந்த பெரிய உபாயம் அதுதான். விளக்கினேன்.

"ஆத்தை இடிக்காம குடித்தனக்காராளை மட்டும் மாத்தறேள்னு சொல்லுங்கோ" என்றார் வரதன்.

கறுப்புத் திரை

ஆர்வத்தில் உடனே மாற்றினேன். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. வரதன் பெருமாளைக் கூப்பிட்டார். நான் மனசுக்குள் மதுரையில் வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது. பழைய சிப் உள்ளே இருக்கும்போதே போர்டின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் புதியதை அதற்கு அடையாளம் தெரியாது. பழையதைத் திரும்ப மாட்டிப் புதுப்பித்தேன். பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும் என்று பாய் யாரையும் ஸ்விட்ச் பக்கம் விடாமல் நின்றார். புதியதை மறுபடி பொருத்தினேன். திரையில் மணப்பெண் சிரித்தாள்.

"பழைய ஆள்கிட்ட சாவிய வாங்காமலே அனுப்பிட்டீங்களே தம்பி" என்றார் பாய்.

வேறு பேச்சு

அடுத்த வாரம் போனபோது பாய் டீ சொன்னார். வரதன் சொல்லி இரண்டு ஸ்டுடியோக்காரர்கள் வந்தார்களாம்.

"வேகம், சூடு ஒண்ணும் கேக்கல தம்பி. போர்டு மாத்த வேணாங்கிற சிப்பு இருக்கான்னுதான் கேட்டாங்க."

மலையைப் பெயர்க்கக் கிளம்பிய கம்பெனிக்குக் கடைசியில் வேண்டியிருந்தது ஒரு டப்பா நிற்கும் இடம்தான்.

பாய் துபாயிலிருந்து மருமகன் லீவில் வருவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறந்து, பெரிய கம்பெனியின் டப்பாக்களைப் புறங்கையால் ஓரம் தள்ளி, எங்களுடையதை நடுவில் நிறுத்தி, பெயர் தெரியும்படி தெருப் பக்கம் திருப்பி வைத்தார்.